ஆட்டுக்கொம்பும் பேப்பர் கப்பும்

அந்த ஆட்டுக்கொம்பின் வாயில் மயிர் கருகிய நாற்றம் அடிக்கும். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், லண்டன் இல்ஃபோர்ட்டில் பள்ளிப் பிள்ளைகளின் ஓர்கெஸ்ட்ரா ஒன்றில் நான் ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தபோது, எங்களுக்கென்றே புதிதாக இசை எழுதித் தந்த யூதப் பெரியவர் ஒருவர், தங்கள் வழிபாட்டில் ஊதும் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஜெப ஆலயத்தில் தன் தகப்பன் பாடிய மெட்டை வயலின்களும் செலோக்களும் ஒன்றோடொன்று முட்டி மோதி வாசிக்க, அந்த இரைச்சல் அடங்கும் இடத்தில் கொம்பு தனியே கூப்பிட வேண்டும். மற்றவர்கள் ஊதினால் வெறும் காற்றுத்தான் வந்தது. எனக்குச் சத்தம் வந்தது.

வராமல் என்ன? அப்பாவின் ஐயா, அதாவது என் தாத்தா, யாழ்ப்பாணத்தில் "செத்தவீடு"களுக்குச் சங்கு ஊதியவர். அந்தச் சங்கை அலுமாரியிலிருந்து எடுத்து, அப்பா இல்லாத நேரங்களில் ஊதிப் பழகியிருந்தேன். ஐயாவின் தொழிலை லண்டனில் நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத் தலைவரான மாஸ்டர்தான் ஒரு வாணிவிழாவில், சனத்துக்கு நடுவில், "உங்கட ஐயா தானே எங்கட அம்மாவுக்குச் சங்கு ஊதினவர்?" என்று அப்பாவைக் கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பையில் "தேத்தண்ணி", அப்பாவுக்கு மட்டும் பேப்பர் கப்பில். அப்பா அதை வாங்கிக் குடித்தார். இந்த மனிதரை ஒருநாள் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே திரிந்தேன்.

"கொம்பை ஊதாதை, பிள்ளை. சனம் திரும்பவும் கதைக்கும்," என்றார் அப்பா. கதைக்கட்டும் என்றேன்.

கச்சேரி அன்று, கொம்பு ஊதும்போது யாரும் உட்கார்ந்திருக்கக்கூடாது, எழுந்து நிற்பதுதான் தங்கள் வழக்கம் என்று சபைக்குச் சொன்னார் பெரியவர். ஊதுகிறவர் சனத்துக்குள் எங்கும் நிற்கலாமாம். மகள் வயலின் வாசிப்பதைப் பார்க்க முன்வரிசையில் வந்திருந்த மாஸ்டரின் கதிரைக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். மண்டபமே எழுந்தது. அவர் என்னையும் கொம்பையும் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். என் மூச்சு முட்டும்வரை அவர் காதடியில் ஊதினேன்.

இன்று அந்தப் பெரியவர் இல்லை, அவருடைய ஜெப ஆலயமும் இல்லை. சங்கு ஊதுகிறவர்களும் ஊரோடு நின்றுவிட்டார்கள். போன மாதம் மாஸ்டர் காலமானபோது அவர் மகள் எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, எல்லாம் முறையாய்ச் செய்யோணும் எண்டு அப்பா சொன்னவர். சங்கு ஊத ஒருத்தரும் கிடைக்கேல்லை. உங்களுக்கு ஏலுமோ?"

சங்கு இப்போது என் அலுமாரியில்தான் இருக்கிறது. "ஏலாது," என்றேன்.

செத்தவீட்டுக்குப் போனேன். சங்குச் சத்தம் இல்லாமலே பெட்டி தகன அறைக்குள் போனது. பிறகு எல்லாருக்கும் பேப்பர் கப்பில் தேத்தண்ணி கொடுத்தார்கள். நான் கடைசிச் சொட்டுவரை ஆறுதலாகக் குடித்துவிட்டு வந்தேன்.