சூலக்கரையில் நான் ஏறிய பஸ்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த அடுத்த மாதம் நடந்தது இது. மனநலம் பாதித்தவர்களுக்கான அடையாள அட்டையைப் புதுப்பிக்க, விருதுநகரை அடுத்த சூலக்கரையில் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். சிவகாசியிலிருந்து அக்காவை அழைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிப் போயிருந்தேன்.

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. எனக்கு ஐம்பத்தைந்து. அவளுக்கு இருபத்தைந்து வயதில் வந்த நோய். காதுக்குள் யாரோ பேசுவார்கள். பிடித்துப்போக ஆள் வருகிறது என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அம்மா இறந்த பிறகு, பதினோரு வருடமாக அவளுக்கு நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் கேட்பதையும் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். காலண்டர் கம்பெனி ஒன்றிலிருந்து வேலையை வீட்டுக்கே வாங்கி வந்து செய்கிறேன். கோவையில் இருக்கும் அண்ணன் மாதம் ஒருமுறை போனில், "அவ எப்படி இருக்கா?" என்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டதில்லை. பத்திரிகை வைக்க வரும் சொந்தக்காரர்கள் குரலைத் தாழ்த்தி, "நீ மட்டும் வா தாயி" என்பார்கள். அவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

முகாமில் நல்ல கூட்டம். எங்கள் பக்கத்தில் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா. அவர் தோளில் சாய்ந்தபடி தலை நரைத்த ஓர் ஆள். தம்பி என்றார். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் நாட்களில், தம்பியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதாக, குற்றத்தை ஒப்புக்கொள்வது போல மெதுவாகச் சொன்னார்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல போலிருக்கே. இவுகள நான் பாத்துக்கிறேன். போயி ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க" என்றார்.

பதினோரு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

வெளியே வந்து டீ குடித்தேன். யாருடைய கையையும் பிடிக்காமல் ரோட்டோரம் கொஞ்சம் நடந்தேன். மதுரை பஸ் ஒன்று வந்து நின்றது. ஏன் ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஏறிவிட்டேன். ஜன்னலோரமாக இடம்கூடக் கிடைத்தது.

மதுரையில் எனக்கு யாரும் இல்லை. அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்கலாம் என்று நினைத்தேன். முகாமில் அதிகாரிகள் இருக்கிறார்கள், அக்காவை ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்குத் துக்கமே இல்லை. உடம்பு லேசாக இருந்தது. அதுதான் உண்மை.

கண்டக்டர் வந்ததும் "மதுரை" என்று சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விட்டேன். அக்காவின் மதிய மாத்திரை கையில் பட்டது. நான் நீட்டினால்தான் வாங்கிப் போடுவாள். வேறு யார் எதைக் கொடுத்தாலும் விஷம் என்று துப்பிவிடுவாள்.

"இல்லண்ணே, விருதுநகருக்கே குடுங்க" என்றேன். அடுத்து வந்த விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சூலக்கரைக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன்.

முகாமுக்குள் நுழையும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். டிபன் டப்பா மூடியில் அவர் வைத்துக் கொடுத்த தயிர்ச்சோறு அக்காவின் மடியில் தொடாமல் இருந்தது. என்னைக் கண்டதும் அக்கா காதருகே வந்தாள்.

"ஏட்டி, உன்னையப் பிடிக்க ரெண்டு பேரு வந்தானுக. இங்கன அப்படி ஆருமில்லன்னு வெரட்டி விட்டுட்டேன்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று அந்த அம்மா கேட்கவில்லை. என் முதுகில் கையை வைத்து, "எந்தப் பஸ்ல ஏறுனீக?" என்றார்.

"மதுரை பஸ்."

"நான் காரியாபட்டி வரைக்கும் போயிட்டேன். அதாச்சு நாலு வருசம்" என்றார். "திரும்பி வந்து பாத்தா, பூட்டாமப் போன வீட்டு வாசல்லயே இவன் உக்காந்திருக்கான்."

என்னைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. நான் மாத்திரையை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். தம்பியைக் கைபிடித்து இறக்குவதிலேயே குறியாக இருந்ததால், தங்கள் ஊரான ஆமத்தூரில் இறங்கும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேரையோ போன் நம்பரையோ நாங்கள் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எதுவும் மாறிவிடவில்லை. வீட்டில் இப்போதும் நாங்கள் இரண்டு பேர்தான். சில நாள் மனசு இப்போதும் எங்காவது போய்விடத் துடிக்கிறது. அதற்காக என்னை நானே வெறுப்பதை மட்டும் விட்டுவிட்டேன். ஏனென்றால், என்னைப் போலவே ஏறிப் போய்த் திரும்பி வந்த ஒருத்தி, அரை மணி நேரத் தொலைவில், தன் தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியும்.