வெள்ளி ஏறிய வருடம்

ஓய்வூதியத்துக்காக, உயிரோடிருக்கிறேன் என்று சான்றளிக்க மேலப்பாளையம் வங்கியில் நின்றேன். கருவூலத்தில் வேலை பார்த்தபோது நானே பிறரிடம் கேட்ட சான்றுதான். முன்னால் நின்ற பெண் துபாயிலிருக்கும் கணவரிடம் கைப்பேசியில் சொன்னாள்: "திர்ஹம் ஏறிட்டுல்லா, இன்னும் ஒரு வருசம் இருந்துட்டு வாங்களேன்."

அதே வரியைப் பத்து வயதில் நான் எழுதியிருக்கிறேன். ரூபாய் இறங்கியதாக வானொலி சொன்னதும் வெளிநாட்டுப் பணத்தில் வாழ்ந்த எங்கள் தெரு மிட்டாய் வழங்கியது. எழுதத் தெரியாத உம்மா, "சம்பாதிச்சது போதும், வாப்பாவ வந்துரச் சொல்லி எழுதுலே" என்றாள். வாப்பா சம்பாதிக்கும் பினாங்கு வெள்ளிக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும், சைக்கிள் வாங்கலாம் என்று, இன்னும் ஒரு வருசம் அங்கேயே இருக்கச் சொல்லி எழுதினேன். நீலத் தாளின் பசையை அவளே நாவால் நனைத்து ஒட்டினாள்.

வாப்பா அங்கேயே இறந்தார். கூப்பிட்டும் வராதவர் என்றே உம்மா கடைசிவரை நம்பினாள்.

"அண்ணாச்சி, உயிரோடதான இருக்கிய?" ஊழியர் சிரித்தார்.

"படிவத்தின்படி இருக்கேன்."