தோட்டத்துக் கல்யாணங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள்

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம் பேசி முடித்ததும் முதலில் தேடுவது ஐயரை அல்ல, முத்துவீரனை. அவருக்கு வேறு வேலை இருக்கிறது என்று தெரிந்தால் கல்யாண நாளையே மாற்றி வைக்கிறவர்கள் உண்டு. ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற மனிதர். தொப்பை கொஞ்சம், குரல் நிறைய. கேமராவைக் கையில் எடுத்துவிட்டால், "பொண்ணு, தலையக் குனிஞ்சுக்கம்மா! மாப்பிள்ள, நீ எதுக்குடா குனியிற?" என்று அவர் போடுகிற சத்தத்தில் மேளக்காரரே ஒரு நிமிஷம் நிறுத்திவிடுவார்.

அவருடைய அப்பா றப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மகன் கையிலும் கத்தியைக் கொடுத்துப் பார்த்தார். மகனோ மரத்தை விட்டுவிட்டு, மரத்தின் மேல் விழுகிற வெயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். கங்காணி திட்டித் தீர்த்தார். கொழும்பில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் பெருக்கப் போனவர், பெருக்கிக்கொண்டே தொழிலையும் பழகி, ஒரு பழைய கேமராவோடு தோட்டத்துக்கே திரும்பி வந்தார். முதலில் கிடைத்தது சாவு வீடு. அழுதுகொண்டே எடுத்ததில் பாதிப் படம் மங்கல். "பாவம், நம்மளோட சேந்து அழுதிருக்கான்யா" என்று சனங்கள் அதற்கும் மெச்சிக்கொண்டார்கள். அன்றைக்குப் பிடித்த சனி, இன்னும் விடவில்லை என்பார் மனைவி சுமித்ரா. பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளை எல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர். வீட்டில் இந்த ஒரு குழந்தைதான் சொல் கேட்பதில்லையாம்.

இந்தப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பெய்ய ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மழை. லயத்து வீட்டுத் தகரக் கூரை ஒழுகும், சுவர் வியர்க்கும், பெட்டியில் வைத்த கல்யாண ஆல்பத்தில் பூஞ்சணம் பூத்து மாப்பிள்ளைக்கு வெள்ளைத் தாடி முளைத்துவிடும். அப்போது எல்லாரும் ஓடி வருகிற இடம் முத்துவீரன் வீடுதான். "கவலப்படாதீங்க, உங்க கல்யாணம் என்கிட்ட பத்திரமா இருக்கு" என்பார். இருக்கும். கல்யாணம், சடங்கு, தேர், சாவு என்று கழுகலையிலிருந்து கலவான வரைக்கும் எடுத்ததெல்லாம் அலமாரியில் ஹார்ட் டிஸ்க்குகளாக அடுக்கியிருந்தது.

ஒருவருடைய கல்யாணம் மட்டும் ஆல்பமாகவில்லை. அது சுமித்ராவுடையது.

அவர்கள் கல்யாணத்தன்று வீடியோ இல்லை. வீடியோ எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்திருந்தால் யார் எடுப்பது? சின்னக் கேமராவை நண்பர் தோமஸிடம் கொடுத்து, எதை அமுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். தோமஸ் மணவறை ஜோடனைக்காரர். பூத் தொங்கவிடச் சொன்னால் தேவலோகத்தையே இறக்குவார். படம் எடுக்கச் சொன்னால்? முதல் நாலு படத்திலும் மாப்பிள்ளைக்குத் தலையே இல்லை. பார்த்த முத்துவீரனுக்கு வந்த கோபத்தில் டிஸ்க்கில் போட்டதோடு சரி, மறுபடி திறக்கவேயில்லை. மனைவிக்கும் காட்டவில்லை. கேட்கும்போதெல்லாம் "வேலையா இருக்கேன் புள்ள" என்று பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டார்.

இப்போது அலமாரியில் இருந்த டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகக் 'கடக் கடக்' என்று சத்தம் போட ஆரம்பித்தன. மாவனல்லையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஆஸிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அண்ணே, இது மௌத்தாகப் போற சத்தம். எல்லாத்தயும் ஒரே பெட்டிக்கு மாத்துங்க. வீட்டுலயே ஒரு சேர்வர் வச்சா டீவீலயும் பாக்கலாம், போன்லயும் பாக்கலாம்" என்றார்.

பெட்டி வைக்க வீட்டில் ஒரே இடம்தான், சுமித்ராவின் தையல் மெஷின் இருந்த மூலை.

"எடுத்துக்கங்க. ஆனா மொத வேலையா நம்ம கல்யாண ஆல்பம் வரணும். பௌர்ணமிப் போயா லீவுக்குக் கலவானயில இருந்து அக்கா வருது. 'ஊரு முழுக்கப் படம் புடிக்கிற மனுசன் பொண்டாட்டியப் புடிக்கலயாடி'ன்னு வருசா வருசம் சிரிக்குது. இந்த வருசம் அது வாய அடைக்கணும்" என்றார் சுமித்ரா.

"போயாவுக்கு முந்தி உன் கையில குடுக்கிறேன். இது சத்தியம்" என்றார் முத்துவீரன்.

பெட்டி வந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் நின்று கும்பிட்டு, சாம்பிராணி காட்டி, சுவிட்சைப் போட்டார்கள். சாம்பிராணியை மெஷினுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீங்க என்று ஆஸிக் போனில் கத்தினார். அவர் சொன்னது இன்னும் இரண்டு. ஒன்று, பிரதி எடுக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. இரண்டு, ஒரே படம் இரண்டு தரம் இருந்தால் ஒதுக்கி வைக்கும் புரோகிராம் ஒன்றைப் போட்டிருக்கிறார். அதில் 'எவ்வளவு ஒத்திருக்க வேண்டும்' என்று கேட்கிற அளவுக்கோட்டை மட்டும் தொட வேண்டாம்.

முத்துவீரன் இரண்டையும் செய்தார். அதாவது, செய்யக்கூடாத இரண்டையும்.

முதலாவதற்கு அவர் ஒரு நியாயம் வைத்திருந்தார். "வீடு மாறிப் போறோம்னா பழைய வீட்டுல ஒரு செட் சாமானப் போட்டுட்டா போவாங்க?" வெட்டி வெட்டி ஒட்டினார். பழைய டிஸ்க்குகள் துடைத்துவிட்ட மாதிரி காலியாயின. வீடியோக்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. படங்கள்தான் இலட்சக்கணக்கில். பெட்டி நிரம்பி வழிகிற மாதிரித் தெரிந்ததும் அந்த அளவுக்கோட்டைப் பிடித்து, கொஞ்சம்தானே என்று, பாதிக்கு இழுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால், அடக் கடவுளே! கோப்புறைகளில் மிஞ்சியது ஒரே ஒரு பெண், ஒரே ஒரு மாலைதான். மற்றதெல்லாம் 'ஒன்று போல உள்ளவை' என்று ஒரே கிடங்கில், பெயர் போய் வெறும் இலக்கமாகக் குவிந்து கிடந்தது.

மெஷினைக் குற்றம் சொல்ல முடியாது. தோட்டங்களில் மணவறை என்றால் தோமஸ் மணவறைதான். அதே சிவப்பு வெல்வெட், அதே பிளாஸ்டிக் மல்லிகை, அதே சிங்கக் கைப்பிடி நாற்காலிகள். நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் கூட அவரிடம் வாடகைக்கு எடுத்ததுதான். கோயில் கல்யாணமா, சர்ச் கல்யாணமா, அதுவும் பேதமில்லை. சர்ச்சில் வெள்ளை உடுத்தவர்களும் ஹோலுக்கு வந்ததும் சிவப்புக்கு மாறி அதே நாற்காலியில் உட்காருவார்கள். எல்லாப் பெண்ணும் தலையைக் குனிந்திருப்பாள். நிமிர்ந்தால் அத்தைமார் சும்மா விடுவார்களா? இத்தனை வருஷத்தில் தோட்டத்தில் நடந்தது ஒரே ஒரு கல்யாணம்தான் என்று மெஷின் முடிவு பண்ணிவிட்டது.

திகதியை வைத்துப் பிரிக்கலாமே என்று ஆஸிக் கேட்டார். முத்துவீரன் எந்தக் கேமராவிலும் திகதி வைத்ததில்லை. பெற்றரி கழற்றும்போதெல்லாம் அது ஜனவரி முதலாம் திகதிக்குப் போய் நிற்கும். "அப்ப அந்த வழியும் அடைச்சிட்டீங்க" என்றார் ஆஸிக், அடக்க முடியாத சிரிப்போடு.

முத்துவீரனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்க் கல்யாணங்களை வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பிரித்துவிடலாம். வீடியோ இல்லாத கல்யாணம் ஒன்றே ஒன்றுதான். இந்தக் குவியலில் சுமித்ராவின் படம் எது? சத்தியம் பண்ணியாயிற்று. வாய் திறக்காமல் மூன்று நாள் தேடினார். மாப்பிள்ளைக்குத் தலையில்லாத அந்த நாலு படமாவது கிடைக்காதா என்று பார்த்தார். அதுவும் வேலைக்காகவில்லை, அவரே நகைக்கும் மாலைக்கும் கிட்டப் போய்ப் போய் எடுத்த தலையில்லாத படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

போயா விடிந்தபோது விஷயம் தானாக வெடித்தது. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் தங்கம்மா, மகள் கல்யாணப் படம் கேட்டு வந்து, டீவீயில் ஓடிய குவியலைப் பார்த்துவிட்டார்.

"என்னா முத்துவீரா, கதம்பச் சோறு மாதிரிக் கெடக்குது?"

வேறு வழியில்லை, சொல்லிவிட்டார். ஏச்சு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். தங்கம்மா வாசலுக்குப் போய், "அடியே, எல்லாரும் வாங்கடி! நம்ம கல்யாணமெல்லாம் கலந்து போச்சு, வந்து அவங்கவங்க ஆளப் பொறுக்கிக்கங்க!" என்று குரல் கொடுத்தார்.

லீவு நாள். கேட்கவா வேண்டும்? தோமஸும் அவர் மனைவி திரேசாவும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். வீடு கொள்ளாமல் சனம் வாசல் திண்ணை, இஸ்தோப்பு வரை நிரம்பியது. பின்னால் நிற்கிற ஆட்களை வைத்தே பெண்கள் படம் படமாகப் பிரித்தார்கள். "இது அனிற்றா கல்யாணம். பாரு, அவ மாமா பந்தியில ரெண்டாந்தரம் குந்தியிருக்காரு!" "அது என் கொழுந்தன், அப்ப முடி இருந்துச்சு!" ஒரே சிரிப்பு. மெஷினுக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. சுமித்ரா மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா வந்துகொண்டிருந்தார்.

முத்துவீரனுக்குப் பொறுக்கவில்லை. குனிந்த தலை, கூரான மூக்கு, ஒல்லியான கை. ஒரு படம் வந்ததும் துள்ளி எழுந்தார்.

"இதான்! இதான் சுமி! நான் சொல்லல?"

தோமஸ் தொண்டையைச் செருமினார். "மச்சான், அது என் பொண்டாட்டி."

"ஐயோ அண்ணே!" என்று திரேசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்த சிரிப்பில் தகரம் பறக்காததுதான் பாக்கி. சுமித்ரா எழுந்து நேராகக் குசினிக்குப் போய்விட்டார். முத்துவீரன் பின்னாலேயே ஓடினார்.

"பொம்பள முகம் ஒண்ணு விடாம ஞாபகம் வச்சிருக்கிறீங்க. என் முகம் மட்டும் தெரியல, இல்ல?" சுமித்ராவுக்குக் குரல் உடைந்தது. "ஆல்பம் கெடக்குது போங்க. எனக்கு அதுகூடப் பெரிசில்ல."

முத்துவீரன் பதினெட்டு வருஷச் சண்டை எத்தனையோ பார்த்தவர். இப்படி ஒரு நாளும் மனைவி கண் கலங்கிப் பார்த்ததில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டீவீப் பக்கமிருந்து தோமஸ் கத்தினார். "மச்சான், நீ எதுக்கு உன்னையும் பொண்ணையும் சோடியாத் தேடுற? அன்னைக்கு நீ மணவறையில குந்தியிருந்தாத்தானே! நான் அமுக்குறது சரியில்லன்னு பாதியில எறங்கி வந்து என் கையில இருந்து கேமராவப் புடுங்கினியே, மறந்துட்டியா? ஐயரு 'மாப்பிள்ள எங்க, மாப்பிள்ள எங்க'ன்னு கத்தினாரே!"

நினைவு வந்தது. மாலை வயிற்றில் இடிக்க, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றது. முத்துவீரன் பாய்ந்து வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளை இல்லாத படம் வேண்டும், நாற்காலி காலியாக இருக்கிற படம். அப்படி ஒன்று யார் கல்யாணத்தில் இருக்கும்? இந்தத் தடவை அதிக நேரம் பிடிக்கவில்லை.

டீவீயில் சிவப்பு வெல்வெட். அதே மல்லிகை. ஒரு சிங்க நாற்காலி காலி. மற்றதில் பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். யாரோ அத்தை பின்னந்தலையில் கை வைத்து அமுக்குகிறார். பெண் குனியவில்லை. கழுத்தை நீட்டி, நிமிர்ந்து, நெற்றிச்சுட்டி கோணிப்போக, பல் அத்தனையும் தெரிய, நேரே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அது யார் என்று கேட்க வேண்டிய தேவை இல்லை.

"சுமி" என்றார் முத்துவீரன்.

சுமித்ரா அகப்பையோடு வாசற்படியில் வந்து நின்றார். பார்த்தார். தங்கம்மா முகவாயில் கை வைத்து, "ஏன்டி, கல்யாணப் பொண்ணு இப்பிடியாடி ஈன்னு இளிப்பா? குனிஞ்சு குந்தத் தெரியாதா ஒனக்கு?" என்றார்.

"எல்லாரும் குனி குனின்னுதான் அமுக்குனாங்க" என்றார் சுமித்ரா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த மனுசன் எந்திரிச்சுப் போயிட்டாரே. எங்க நிக்கிறாருன்னு நான் பாக்க வேணாமா?"

முத்துவீரன் தோட்டத்துக் கல்யாணமெல்லாம் எடுத்தவர். இத்தனை பெண்களில் அவரைப் பார்த்தது ஒரே ஒருத்திதான். கையில் ஏதாவது இருந்தால் தேவலை போலிருந்தது அவருக்கு. கேமராவைத் தேடினார், அது அலமாரியில் இருந்தது. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். தோமஸ் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

ஒழுங்கை முனையில் திரீ வீல் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கலவான அக்காவின் குரல், இறங்குவதற்கு முன்பே சிரித்துக்கொண்டு.

"அழாதீங்க, வெளிய போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார் சுமித்ரா. "டீவீய மட்டும் நிப்பாட்டிடாதீங்க."