லோர்னா தூக்கவிடாத கார்ப்பெட்

லோர்னா எதற்கும் அசராதவள். சமையலறைக்குள் புகுந்த பாம்பை மண்வெட்டியால் ஒரே போடு போட்டுவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்தவள். ஆனால் முன்னறைக் கார்ப்பெட்டை எடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் போதும், முகம் வெளுத்துவிடும். எங்கள் ஊர் மோர்வெல்லில் தெருவே கார்ப்பெட்டைக் கிழித்தெறிந்து, அடியிலிருந்த மரத்தரையை இழைத்து மெருகு போட்டாயிற்று. அவள் வீட்டில் மட்டும் அந்தப் பாசி நிறச் சனியன் அப்படியே கிடந்தது. அதையும் மண்டியிட்டு ஈரத்துணியால் துடைப்பாள். பக்கத்து வீட்டுக்காரி நான், அவள் சரியான கஞ்சம் என்றுதான் நினைத்தேன்.

அவள் புருஷன் க்ளெம், மின் நிலையத்தில் கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை சுற்றியவன். அந்தத் தூசி உள்ளே போய், வருஷக்கணக்கில் பதுங்கியிருந்து நுரையீரலைத் தின்றதில் செத்துப்போனான். எங்கள் ஊரில் அப்படிப் போனவர்கள் நிறையப் பேர்.

லோர்னாவின் மகள் ஜோடி பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு வந்திருந்தாள். சனிக்கிழமை லோர்னாவும் நானும் கிளப் புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்பினால், முன்னறை முழுக்கப் புழுதி. கார்ப்பெட்டைக் கத்தியால் கீறிச் சுருட்டி வாசலில் போட்டிருந்தாள் ஜோடி. அடியில் கிடந்த சணல் விரிப்பு பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாம்மா, எவ்ளோ நல்ல பலகை! இதைப் போய் மூடி வெச்சிருக்கியே!"

லோர்னா தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து மகள் தலையோடு தண்ணீரைப் பீய்ச்சினாள்.

"பைத்தியமா உனக்கு? குளிருதும்மா!"

"வெளிய வாடீ! அந்தக் கதவோர மூலையப் பெருக்கினியா?"

"அதைத்தான் முதல்ல பெருக்கினேன். மாவு மாதிரி என்னவோ அப்பியிருந்துது."

லோர்னா புல்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பா வேலை விட்டு வந்து உடுப்பை உதறினது அந்த மூலையிலதான்," என்றாள். "தூசியக் கிளப்பாம விட்டா ஆபத்தில்லன்னாங்க. அதான் மூடியே வெச்சிருந்தேன்."

தூசியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. விரிப்பில் ஒன்றுமில்லை. மூலைத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது.

"ஒரு நாள்தானேம்மா பெருக்கினேன்," என்றாள் ஜோடி, வயிற்றைத் தடவிக்கொண்டே. "அவ்வளவு பயப்பட வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க. குழந்தை நல்லா இருக்கு. இன்னும் ஏன் என்னையே பாக்குற?"

"என் பயம் குழந்தைக்காக இல்லடீ," என்றாள் லோர்னா. "நீ தவழ்ந்ததே அந்த மூலையிலதான். உங்கப்பா உள்ள கால் வைக்கறதுக்குள்ள ஓடிப்போய் அவர் உடுப்புல மூஞ்சியப் புதைச்சுக்குவ. தினமும்."

வயிற்றின் மேலிருந்த ஜோடியின் கை மெல்ல நெஞ்சுக்கு ஏறியது.