பளிங்குக்கு ஐஸ் தந்த அக்கா

கொரோனா அடங்கி, பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கிய நேரம். மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் நடந்தது இது.

பல்கலைக்கழகம் பூட்டியதால் என் மகள் மன்னாரில், கீரி என்ற எங்கள் ஊரில் எங்களோடுதான் இருந்தாள். ஒரு மருந்தை வெவ்வேறு திரவங்களில் கரைத்து, அது புதுவகைப் பளிங்காக உறைகிறதா என்று தேடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆபத்தில்லாத சில குப்பிகளை விரிவுரையாளரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரித் தட்டில் வைத்திருந்தாள். பளிங்கு விளையும்வரை அசைக்கவே கூடாது. கடற்றொழில் செய்யும் என் கணவர்கூட அந்த அறைக்குள் பூனைபோல நடப்பார். மாலைச் செபம் முடிந்ததும் எல்லோருமாகப் போய்க் குப்பிகளை எட்டிப் பார்ப்போம். அதெல்லாம் இனி வராத நாட்கள்.

ஒருநாள் ஒரு குப்பியில் மட்டும் ஊசி ஊசியாகப் பளிங்கு விளைந்திருந்தது.

"அம்மா, இது மற்றதுகள் மாதிரி இல்லை. கரைச்ச திரவத்தையும் தனக்குள்ள பிடிச்சு வச்சிருக்குதுபோல!" என்று துள்ளினாள்.

புதுசுதானா என்று பல்கலைக்கழக மெசினில்தான் பார்க்க வேண்டும். அதற்குள் பஸ் வெக்கை பட்டால் குலைந்துவிடுமாம். ஒரு சின்னப் பெட்டியில் ஐஸ் நிரப்பி, குப்பியை வைத்து, இருவரும் பஸ் ஏறினோம்.

வெள்ளாங்குளம் தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. கொதிக்கிற வெயில். எங்கள் ஐஸ் கரைந்து தண்ணீராகிவிட்டது. மகள் அழத் தொடங்கினாள். எனக்கு 'மாதாவே' என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

கடைசிச் சீற்றில் மீன்பெட்டியோடு இருந்த அக்கா ஒருவர் எழும்பி வந்தார்.

"என்ன பிள்ளை, முத்தோ கொண்டு போறாய்?"

மகள் விக்கி விக்கி விசயத்தைச் சொன்னாள். உடனே அவர் தன் பெட்டியைத் திறந்து, ஐஸை அள்ளி எங்கள் பெட்டிக்குள் போடத் தொடங்கினார்.

"ஐயோ அக்கா, உங்கட மீன் பழுதாப் போகுமே!" என்றேன்.

"மீன் நொந்தால் கருவாடு போடுவன். பிள்ளையின்ர படிப்பைக் கருவாடு போடேலுமே? பெட்டியைப் பிடியுங்கோ!"

பஸ்ஸே சிரித்தது. மகளும் அழுகையோடு சிரித்தாள்.

வேறு பஸ் வந்து, எல்லோரும் ஏறியபோது அவருடைய மீன்பெட்டி சொட்டிக்கொண்டே இருந்தது. பூநகரியில் கையைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

குப்பி பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது. நான் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் மகள் அங்கிருந்து போனில் கத்தினாள்: "அம்மா, புதுசுதான்! இதுக்கு முதல் ஒருத்தரும் காணாத வடிவமாம்!"

மகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். அந்தப் பஸ் பயணத்தைப் பற்றி இன்றும் போனில் பேசிச் சிரிப்போம். பெயர் கேட்காமல் விட்ட அந்த அக்காவுக்காக ஒவ்வொரு ஞாயிறு பூசையிலும் மன்றாடுகிறேன். 'பூநகரியில் இறங்கிய மீன்கார அக்கா' என்று சொன்னாலே ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்.