நான்கு பேருக்கு

சித்தி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் ஒரு சமையல் புத்தகம் இருந்தது. அவள் தர்மபுரி டவுனில் வளர்ந்தவள், பத்தாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் வாங்கிக் கொடுத்த புத்தகமாம். அட்டையில் ஒரு பெண் கையில் தட்டை ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். சமைத்து முடித்த யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கடத்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு டவுன் பஸ் வந்து திரும்பும். அது திரும்புகிற இடத்தில் மாதா கோயில், கோயிலுக்கு எதிரே எங்கள் வீடு. தாத்தா, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான், இரண்டு தம்பிகள் என்று வீட்டில் எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற தூரத்துச் சொந்தக்காரர்கள் வெயில் தாழட்டும் என்று எங்கள் வீட்டில் உட்காருவார்கள். உட்கார்ந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவது தாத்தாவுக்குப் பழக்கமில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை உலை என்றால் பன்னிரண்டு பேருக்குக் குறையாது.

அடுப்படி அம்மாவுடையது. களி, கொள்ளுக் கடைசல், ஏதாவது ஒரு கீரை; கறி எடுத்தால் குழம்பு. கறி எடுக்காத ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் அம்மா சித்திக்கு விட்டுக்கொடுத்தாள். ஆசைப்படுகிறாள், செய்யட்டும் என்று அப்பாவிடம் சொன்னதோடு சரி. நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

அந்தப் புத்தகத்தில் எந்தப் பலகாரத்தின் தலைப்புக்குக் கீழேயும் சிறிய எழுத்தில் ‘நான்கு பேருக்கு’ என்று போட்டிருக்கும். உலகத்தில் எல்லா வீடுகளிலும் நான்கு பேர்தான் இருப்பார்கள் என்று எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். சித்தி புத்தகத்தை என்னிடம் கொடுத்து, பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னாள். மூன்றால் பெருக்க வேண்டியதுதானே. வாய்ப்பாட்டில் நான் கெட்டிக்காரி என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் செய்தது வெஜிடபிள் புலாவ். அரிசி, கேரட், பீன்ஸ், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினேன். அதே வேகத்தில் ‘அடுப்பில் இருபது நிமிடம்’ என்பதையும் பெருக்கி, ஒரு மணி நேரம் என்று எழுதிவிட்டேன். சித்திக்கும் விறகடுப்பில் இவ்வளவு பெரிய குண்டான் வைத்துப் பழக்கமில்லை. சிலேட்டைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மூடியைத் திறக்கவே இல்லை. திறந்தபோது கேரட் எது, அரிசி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒன்றாகிவிட்டிருந்தன.

தாத்தா தட்டிலிருந்து ஒரு பிரிஞ்சி இலையைத் தூக்கிப் பார்த்தார்.

“கூரையிலருந்து தழை வுழுந்திருக்குது பாரும்மா” என்று ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, கஞ்சி வாசமாக இருக்கிறது என்று சொல்லி முழுவதையும் சாப்பிட்டார். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா உள்ளே போய், யாருக்கும் சொல்லாமல் கிண்டி மூடி வைத்திருந்த களியைக் கொண்டுவந்து உருண்டை உருண்டையாக வைத்தாள். சித்தியின் முகம் சுருங்கிப் போனது. சாப்பாடு கெட்டதைவிட அந்தக் களிதான் அவளுக்கு வலித்தது என்று எனக்கே தெரிந்தது.

அடுத்தது கட்லெட். அதன் மேலே பிரட்டுவதற்கு ரொட்டித்தூள் வேண்டும் என்று சித்தப்பா தர்மபுரியிலிருந்து ரொட்டிப் பாக்கெட் வாங்கி வந்தார். எங்கள் ஊரில் ரொட்டி என்பது காய்ச்சல்காரர்கள் பாலில் நனைத்துத் தின்கிற பொருள். சித்தப்பா பாக்கெட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அத்தை ஓடிவந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள். ஒருவருக்கும் இல்லை, பலகாரத்துக்கு என்று அம்மா சொன்னதை அவள் நம்பவில்லை. உள்ளே வந்து தாத்தாவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஆனால் கட்லெட் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலும் எல்லாமே நன்றாக வந்தன. நிமிடத்தைப் பெருக்கக் கூடாது என்று நானும், எங்கள் அடுப்பின் குணத்தைச் சித்தியும் கற்றுக்கொண்டோம். கறி எடுக்காத ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று தம்பிகள் கேட்க ஆரம்பித்தார்கள். பூசைக்கு வருகிற சொந்தக்காரர்களின் எண்ணிக்கையும் கொஞ்சம் கூடியது.

எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படி இருந்தது என்று கேட்பாள். உப்பு சரியா, காரம் சரியா, காய் வெந்திருந்ததா என்று துருவித் துருவிக் கேட்பாள். செய்தவளுக்குத் தெரியாதா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆண்களும் விருந்தாளிகளும் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்த பிறகு அவளும் அம்மாவும் குண்டானைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு, காலையில் செய்த களியோடு அடுப்போரத்தில் உட்காருவார்கள். அதற்குள் மூன்று மணி ஆகியிருக்கும். கன்றுக்குட்டி கத்தும். அம்மா நான்கு வாயில் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

சித்தப்பாவுக்கு தர்மபுரியில் ஒரு லாரி ஆபீஸில் வேலை. முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வருவார். டவுனிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று அவருக்கும் சித்திக்கும் எண்ணம். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. தான் இருக்கிறவரைக்கும் இந்த வீட்டில் ஒரே உலைதான் என்று சொல்லிவிட்டார். அண்ணன் முகத்தைச் சித்தப்பா பார்த்தார், அப்பா தாத்தாவின் முகத்தைப் பார்த்தார், பேச்சு அதோடு நின்றது. அம்மாவை யாரும் கேட்கவில்லை. சித்தி போய்விட்டால் வேலைக்குக் கைகுறையும், அதனால் அம்மாவும் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஊரில் கோயில் திருவிழா. அப்பாவும் அம்மாவும் தம்பிகளும் காலையிலேயே கிளம்பினார்கள். எனக்குக் காலில் முள் குத்திச் சீழ் வைத்திருந்ததால் விட்டுவிட்டுப் போனார்கள். இராத்திரி அங்கே தங்கி மறுநாள்தான் வருவதாக ஏற்பாடு. அன்று சாமியார் வராததால் எங்கள் கோயிலில் பூசையும் இல்லை. வீட்டில் தாத்தா, சித்தப்பா, சித்தி, நான்.

வழக்கம் போல நான் சிலேட்டை எடுத்தேன்.

“இன்னிக்கு அது வேண்டாம் கண்ணு” என்றாள் சித்தி. “புத்தவத்துல இருக்கற மாதிரியே செய்யலாம்.”

தேங்காய்ப்பால் சாதமும் உருளைக்கிழங்குக் குருமாவும். ஒரே ஒரு தேங்காய், ஒரு சிட்டிகை மஞ்சள் என்று புத்தகம் சொன்னதைச் சொன்னபடியே எடுத்து வைத்தாள். வேலை செய்துகொண்டே மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். சீக்கிரமே எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு தட்டுகளை வரிசையாக வைத்து, சாதத்தைச் சமமாகப் பங்கு வைத்தாள். மூன்று தட்டுகளை எங்கள் முன்னால் வைத்துவிட்டு, நான்காவதோடு என் பக்கத்தில் அவளே உட்கார்ந்துவிட்டாள்.

தாத்தா ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். தட்டுகளிலிருந்து ஆவி பறந்தது. சித்தி முதல் வாயை எடுத்துப் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

“ஏலக்கா கொஞ்சம் தூக்கலா இருக்குதில்ல?” என்றாள், யாரையும் பார்க்காமல்.

அவள் சமையலைப் பற்றி அவளே சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்று மணி பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்துவிட்டார்கள். சின்னத் தம்பி வழியெல்லாம் வாந்தி எடுத்ததால், பாதியிலேயே இறங்கித் திரும்புகிற பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள். யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மா அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். குண்டான் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சோற்றுப் பருக்கை ஒன்றுகூட மிச்சமில்லை. எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

சித்தி பதறிப்போய் அடுப்பைப் பற்ற வைக்க ஓடினாள். அம்மா அவளைப் பார்த்தாள், கவிழ்த்த தட்டுகளைப் பார்த்தாள்.

“நீ இரு” என்று மட்டும் சொல்லி, ஊருக்குக் கட்டிப்போன சேலையோடு உட்கார்ந்து உலை வைத்துக் களி கிண்டினாள். சித்தி கதவோரத்தில் நின்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் அம்மா என் காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது மெதுவாகக் கேட்டாள்.

“நேத்து சித்தி எப்ப சாப்புட்டா?”

“எங்ககூடத்தான்.”

“பரிமாறிட்டா?”

“இல்ல. நாலு தட்டுலயும் போட்டுட்டு உக்காந்துட்டாங்க.”

“தாத்தா இருக்கறப்பவா?”

“ம்.”

அம்மா துணியைச் சுற்றினாள். “சூடா இருந்துச்சா?” என்றாள்.

சித்தியை மாட்டிவிடுகிறேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் பொய் சொல்ல வரவில்லை. ஆவி பறந்தது என்றேன். அம்மா முடிச்சைத் தேவைக்கு மேல் இறுக்கிக் கட்டினாள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள், தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். “அவங்க டவுனுக்கே போவட்டுங்க மாமா.”

தாத்தா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “நீ ஒருத்தியா எப்படிம்மா பாப்ப?”

“பாத்துக்கறேனுங்க. முன்னயும் நாந்தானே பாத்தேன்.”

மாமனாரிடம் அம்மா அதற்குமுன் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. தாத்தாவும் பார்த்ததில்லை போலும். இரண்டு நாள் கழித்து, சரி என்றார்.

மூத்தவளுக்கு இளையவளைப் பிடிக்கவில்லை, பிள்ளைகள் அந்தப் பெண்ணின் சமையலுக்கு மயங்கிவிட்டார்கள், சோறு வைக்கவில்லை என்ற சாக்கில் துரத்திவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை அதை அம்மாவிடமே வந்து சொன்னாள். அம்மா இல்லை என்று சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். சித்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய அன்று முழுவதும் நான் அம்மாவோடு பேசவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, உரம் வாங்க தர்மபுரிக்குப் போன அப்பாவோடு அம்மாவும் நானும் போனோம். அப்பா எங்களைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, நான்கு மணி பஸ்ஸுக்கு ஸ்டாண்டுக்கு வந்துவிடச் சொல்லிப் போனார். அது ஒற்றை அறை வீடு. மூலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். சித்தப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா போனதும் முந்தானையைச் செருகிக்கொண்டு, என்ன நறுக்க வேண்டும் என்றாள். சித்தி அவளுடைய இரண்டு தோள்களையும் பிடித்து உட்கார வைத்தாள்.

“இங்க நீங்க எந்திரிச்சுப் போயி எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்கக்கா. உக்காருங்க.”

பூரி போட்டாள். எண்ணெயில் உப்பி மேலே வந்ததும் எடுத்து நேரே அம்மாவின் தட்டில் வைத்தாள். அம்மா அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தின்றாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்குப் போட்டதை நான் எப்போதோ தின்றுவிட்டேன். மணி ஆகிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் வேண்டும்.

“அம்மா, பஸ் போயிரும்.”

“போவட்டும். அடுத்த பஸ்ஸுல போலாம்.”

அம்மா இப்படிப் பேசுகிறவள் இல்லை. இவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறவளும் இல்லை. அவளுக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்து, எட்டி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அம்மா என் கையை விலக்கிவிட்டு, சித்தி பக்கமாகத் தட்டை நீட்டினாள்.