வேஷம் போட்ட கட்டி

சிங்கப்பூரில், தேக்காவில் பராட்டாக் கடை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு என் முன்கையில் ஒரு கட்டி கிளம்பியது. மாவு பிசைந்ததால் வந்த வீக்கம் என்று நினைத்து, தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தேன். மளமளவென்று பெரிதானது. மருத்துவமனையில் ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்தார்கள்.

"பார்க்கப் புற்றுநோய் மாதிரிதான் இருக்கு, அங்கிள். ஆனா அதே மாதிரி தெரியற சாதாரணக் கட்டியும் உண்டு. எடுத்ததுல மிச்சமிருக்கிற செல்லுல ஜீன் டெஸ்ட் பண்ணா எதுன்னு தெரிஞ்சிடும்," என்றார் டாக்டர்.

"இப்பவே வெட்டி எடுத்துடச் சொல்லுங்க லா!" என்று அழுதாள் மனைவி.

எனக்கோ பயத்தைவிட ஆச்சரியம். நல்ல கட்டி எதற்குக் கெட்ட வேஷம் போடுகிறது?

சாதாரணக் கட்டிதான் என்று முடிவு வந்தது. பிறகு தானாகவே கரைந்தும் போனது.

போன வாரம் கடைக்குச் சாப்பிட வந்த ஒரு வாடிக்கையாளர், தோளில் இருந்த கட்டியில் தேய்க்கத் தைலத்தை எடுத்தார். புட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே. நீங்க போயிட்டு வர்றதுக்குள்ள பராட்டா ஆறினா வேற போட்டுத் தரேன்!"